எழுதிய அளவும் ஊற்றிய தண்ணீரும்

கான்கிரீட் ரோட்டுக்கு ஜல்லி, மணல், சிமெண்ட், தண்ணீர் எவ்வளவு என்று சோதித்து எழுதிக் கொடுப்பது என் தொழில். எழுதியதை எவனும் மதிக்காததைப் பார்த்து வயிறெரிவதும் அதில் சேர்த்தி. அதே வயிற்றெரிச்சலோடு சம்பளம் வாங்குகிறவர்களே, கேளுங்கள்.

ஹோஸ்

முத்தியால்பேட்டையில் ஒரு சந்து. அங்கே குடியிருக்கும் லூர்து அண்ணன் வாட்ச் ரிப்பேர் செய்கிறவர். நடக்க முடியாது, கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டிதான். சந்து குண்டும் குழியுமாக இருந்ததால் யாராவது தள்ளினால்தான் கடைக்குப் போவார். அங்கே கான்கிரீட் ரோடு போடும் வேலை வந்தபோது, அவரை நினைத்தே உப்பளத்தில் இருக்கும் எங்கள் லேபில் ஒரு மாதம் மல்லுக்கட்டி, கெட்டியான கலவை ஒன்றை முடிவு செய்தேன். தண்ணீர் கூடினால் பலம் போய்விடும் என்று ரிப்போர்ட்டில் கொட்டை எழுத்தில் போட்டேன்.

கலவை லாரி வந்ததும் மேஸ்திரி ஏழுமலை அதற்குள் தண்ணீர் ஹோஸை விட்டார். நான் ஓடிப்போய்ப் பிடுங்குவதற்குள் எல்லாம் பாயசம். அவர் நிதானமாகச் சொன்னார்:

"கெட்டியா இருந்தா இழுக்க முடியாது மேடம். உங்க பேப்பரா வந்து மம்முட்டி புடிக்கப் போவுது?"

தனிச் சமையல்

ரோட்டில் கொட்டுகிற அதே கலவையை அச்சில் கட்டியாக எடுத்து, இருபத்தெட்டு நாள் கழித்து மெஷினில் நசுக்கிப் பார்ப்போம். கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் சேகர் கொண்டுவந்த கட்டிகள் மெஷினையே திணறடித்தன. அந்தப் பாயசத்துக்கு இவ்வளவு பலமா? குடைந்து கேட்டேன். சிமெண்டை அள்ளிப் போட்டுத் தனியாகக் குழைத்ததாம். கூச்சமே இல்லாமல் சொன்னார்:

"டெஸ்டுக்குப் போறதாச்சே மேடம், நல்லதா குடுக்க வேணாமா?"

வேறு தாள்

இந்தக் கட்டிகள் செல்லாது, ரோட்டையே துளைத்தெடுத்துச் சோதிக்க வேண்டும் என்று எழுதினேன். எங்கள் லேப் முதலாளி அதை மடித்து டிராயரில் போட்டார். வேறு தாளில் 'பாஸ்' என்று தானே கையெழுத்திட்டார். இது அயோக்கியத்தனம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

"கோவப்படாதம்மா. நம்மகிட்ட வந்தது கட்டி, ரோடு இல்ல."

மழைக்குப் பிறகு

ரோடு ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. மேலே உரிந்து ஜல்லி பல்லை இளித்தது. நான் பார்க்கப் போனபோது லூர்து அண்ணனின் முன்சக்கரம் பள்ளத்தில் மாட்டியிருந்தது. தூக்கிவிட்டுக்கொண்டே, ரோடு போட்டவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தினார்:

"அவங்க சொன்னாங்கம்மா, லேப் கணக்குல ஏதோ தப்பாயிடுச்சாம். பரவால்ல, அடுத்த தடவ பாத்துப் போடுங்க."

நான் எழுதிக் கொடுத்ததில் அவர்கள் மாற்றாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்: கலவை ரிப்போர்ட்டின் அடியில் இருக்கும் என் பெயர்.