குசகாரி வரைந்த இடிபாடு

ஆறு வருடமாக இதைப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். "அந்த உலகம் அழிஞ்ச கதைதானே? தெரியும்ணே, பார்த்துட்டேன்!" வேலைக்கு வரும் ஒவ்வொரு புதுப் பையனும் இதையே சொல்கிறான். பார்த்தானாம். ரயிலில் நின்றுகொண்டு, போனில், அனிமே கார்ட்டூனை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு! உலகம் அழிவதைப் பார்க்கக்கூட இவனுக்குப் பொறுமை இல்லை. அதற்கு மூலமான மங்காவை, அந்தப் படக்கதையை, ஒரு பக்கம் புரட்டியிருக்க மாட்டான், பேச்சு மட்டும் கரைத்துக் குடித்தவன் மாதிரி.

நான் டோக்கியோ பக்கத்துக் கவாகுச்சியில் கட்டடம் இடிக்கிறவன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டாலும், சுவர் எப்படி விழும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் வாரப் பத்திரிகையில் அந்த மங்காவைப் படிப்பேன். ஒருமுறை, கான்கிரீட் உடைந்த இடத்தில் உள்ளிருந்த கம்பியும் குச்சி மாதிரி முறிந்திருந்தது. எரிச்சல் தாங்கவில்லை. பத்திரிகையோடு வரும் வாசகர் அட்டையில், பிடித்த மூன்று கதைகளை எழுதச் சொன்ன இடத்தில், "கம்பி முறியாது, வளையும். வரைந்தவன் குருடனா?" என்று எழுதித் தபாலில் போட்டேன். கம்பெனி முகவரியையும் எழுதியது என் புத்தி.

மூன்றாம் வாரம் வேலை நடக்கும் இடத்துக்கு ஒல்லியாக ஒருவன் வந்தான். கையில் பூரணம் வைத்த பன் ஒரு பெட்டி.

"குருடன் நான்தாங்க," என்றான்.

அவன்தான் குசகாரி. கதையும் அதில் வரும் ஆட்களின் படமும் மங்கா ஆசிரியருடையவை. பின்னால் தெரியும் இடிந்த ஊர் முழுக்க இவன் கை. பதினான்கு வருடம் உதவியாளன், புத்தக அட்டையில் பேர் கிடையாது. அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் வந்து, தலைக்கவசத்தோடு கூளத்தில் உட்கார்ந்து வரைவான்.

அந்த மங்காவில் எட்டுப் பக்கம் உண்டு. ஒருத்தன் இடிந்த ஊரைக் கடந்து நடக்கிறான், ஒரு வார்த்தை பேச்சில்லை. வரைய நாற்பது நாள் ஆனது. எந்தச் சுவர் முதலில் விழுந்தது, எது பிற்பாடு மழையில் ஊறிச் சரிந்தது என்று அதைப் பார்த்தே என்னால் சொல்ல முடியும். பார்த்துக்கொண்டே இருந்ததில் என் நூடுல்ஸ் ஊறிக் கஞ்சியாகிவிட்டது.

அனிமேயில் அதே எட்டுப் பக்கம் பன்னிரண்டு நொடி. வயலின், ஆரஞ்சு வானம். கட்டடம் பிஸ்கட்டாக உடைகிறது, தூசி கண் சிமிட்டுவதற்குள் அடங்கிவிடுகிறது. நாயகனின் தலைமுடி கலையவில்லை. அந்த ஊரில் முடிவெட்டும் கடை மட்டும் தப்பித்திருக்கும் போல.

அதுதான் ஓகோவென்று ஓடியது. அதைப் பார்த்துவிட்டு மங்கா பக்கம் வந்தவர்கள், படம் அழுக்காக இருக்கிறது, அனிமே மாதிரி இல்லை என்று புலம்பினார்கள். முடிவுப் பகுதியில் ஓர் ஐந்து மாடிக் குடியிருப்பு சரிய வேண்டும். அனிமே பாணியில் வரையச் சொன்னது பத்திரிகை, ஆசிரியரும் தலையாட்டினார்.

"எப்படி விழுமோ அப்படித்தான் வரைஞ்சேன். 'அழகா விழட்டும்'னாங்க," என்றான் குசகாரி, வழக்கத்துக்கு மாறாக ஒரு திங்கட்கிழமை வந்து நின்று.

"நீ என்ன சொன்ன?"

"பேனாவைக் கழுவி வச்சுட்டு வந்துட்டேன்."

"யோவ், பதினாலு வருஷ வேலைய்யா! கேட்ட மாதிரி ஒரு பக்கம் கிறுக்கிக் கொடுத்தா கை அழுகிடுமா?"

"நீங்க ஒரு சுவரை அழகா விழ வச்சுக் காட்டுங்க, நான் கிறுக்குறேன்."

நான் கையுறையைக் கழற்றிக் கூளத்தில் எறிந்தேன்.

"ஞாயித்துக்கிழமை அயோமோரி போறேன், அண்ணனோட ஆப்பிள் தோட்டத்துக்கு," என்றான். "வியாழக்கிழமை இங்க கடைசிச் சுவரைச் சாய்க்கிறீங்கல்ல?"

"ஆமா. வேலைதான் போச்சே, உனக்கென்ன?"

"வேலை போச்சு. பக்கம் முடியலையே, தூசி பாக்கி இருக்கு. ஒரே ஒரு நிமிஷம் தண்ணி பீய்ச்சாம விடுங்கண்ணே. நீங்க எப்பவும் தூசியை எழும்ப விடாம அமுக்கிடறீங்க. குழாய் பிடிக்க ஆளே இல்லாத ஊர்ல அது எவ்வளவு நேரம் நிக்கும்னு நான் பார்த்ததே இல்ல."

"பைத்தியமா உனக்கு? சுத்தி நாப்பத்தோரு வீடு. காயப்போட்ட துணியோட என்னையும் கொடியில தொங்க விட்டுருவாங்க."

வேலை தொடங்கும் முன் வீடு வீடாகப் போய், ஆளுக்கொரு துவாலை கொடுத்து, தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டுக் குனிவது எங்கள் தொழில் வழக்கம். அது போன மாதமே முடிந்திருந்தது.

குசகாரி தோள்பையைத் திறந்தான். உள்ளே புதுத் துவாலைகள். எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று.

"நான் போனா கதவைத் திறக்க மாட்டாங்க. உங்க மூஞ்சிக்குப் பயந்தாவது கேப்பாங்க," என்றான். "இன்னொரு தடவை போய், வியாழக்கிழமை மட்டும் யாரும் துணி காயப்போட வேணாம்னு சொல்லிட்டு வந்துடுங்கண்ணே."