குப்பிக்குப் போட்ட ஃபேன்

சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் ஒரு கிரானைட் கடை. அதன் கீழ்த்தளக் கிடங்கில் என் அப்பாவுக்கு வேலை. ஜன்னல் இல்லாத இடம்; எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தும் ஓடாது. நான் மாமல்லபுரம் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் கதிர்வீச்சு அளக்கிறேன்.

மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் ரேடான் என்ற வாயு தானாகவே கசிகிறது. நிறமும் மணமும் கிடையாது. காற்றுப் போகாத அறையில் தேங்கும். வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். புகைபிடிப்பவர்களுக்கு இன்னும் கூடும். அப்பா பீடி பிடிப்பார். எனக்கிருந்த பயம் அதுதான்.

முதலாளி பாயிடம் கேட்டுக்கொண்டு, அப்பா உட்காரும் இடத்துக்கு மேலே ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பியைத் தொங்கவிட்டேன். உள்ளே இருக்கும் படலத்தில் ரேடானின் தடம் பதியும். மூன்று மாதம் தொங்க வேண்டும். தொடக்கூடாது, நனையக்கூடாது என்று ஏழு வரி எழுதி ஒட்டினேன். கதவையும் ஃபேனையும் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

மூன்று மாதம் கழித்துக் கழற்றிப் பார்த்தபோது வந்த அளவு வெளிக்காற்றை ஒட்டி இருந்தது. ஒரு கிடங்குக்கு அது ரொம்பக் குறைவு.

"நைனா, கதவு எப்பவும் போல மூடித்தானே இருந்துச்சு?"

"அதெப்பிடி? நீ மாட்டின பொருளு, அத்த புழுக்கத்துல வுடுவனா? ஷட்டர தூக்கிட்டு எக்ஸாஸ்ட் ஃபேன போட்டுடுவேன். ராத்திரியும் ஓடிகினுதான் இருந்துது. பீடி கூட மேல போய்தான்."

"இத்தன வருசமா ஏன் போடல?"

"எனுக்குன்னா எதுக்குன்னு கேப்பாரு பாய். மிஷினுக்குன்னா வாயே தொறக்கல."

சோதனை கெட்டுவிட்டது. முறைப்படி மறுபடி செய்ய வேண்டும் என்றால், அப்பா இன்னும் மூன்று மாதம் அடைத்த காற்றில் உட்கார வேண்டும். இன்னொரு குப்பி என் பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை. முதலாளிக்குக் கொடுக்கும் அறிக்கையில் ஒரு வரி சேர்த்தேன்: 'ஃபேன் ஓடும்போது எடுத்த அளவு. ஃபேனை நிறுத்தினால் இது செல்லாது.'

முதலாளி அதை இரண்டு முறை படித்தார். "அதான் மிஷின கழட்டிட்டியேம்மா. இன்னும் எதுக்கு ஓடணும்?"

"கீழ ஆள் இருக்காரே பாய்."

அவர் பக்கத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தார். "உம் பொண்ணு விவரமாத்தான் கீது. சரி, ஓடட்டும்."

"அத்தோட சத்தம் பேஜாரு பாய்," என்று முணுமுணுத்துக்கொண்டே அப்பா இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் கீழே ஃபேன் சுற்றத் தொடங்கியது. முதலாளி குரலை உயர்த்தி எனக்கு டீ சொன்னார்.