கொடைக்கானல் ஓர் அமெரிக்க ஊரா?

இந்த அமெரிக்கச் சமவெளியில் ஆரஞ்சுப் பழம் கைதவறி விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. கேட்கச் சப்பென்று இருக்கும். ஆனால் கொடைக்கானல் பஜாரில் பிறந்து வளர்ந்த எவனுக்கும் இது லேசில் பிடிபடாது. நம் பஜாரில் ஒரு பழம் விழுந்தால் அது சரிவைப் பிடித்துத் தன் பாட்டுக்குக் கிளம்பிவிடும். யாராவது பாய்ந்து காலைக் குறுக்கே போட்டாக வேண்டும். கல்லூரிக்கு வந்த புதிதில் சாப்பாட்டுக்கூடத்து வாசலில் என் தட்டிலிருந்து ஒன்று விழுந்தது. பழக்கதோஷம், பாய்ந்தேன். அதே நொடியில் எதிரிலிருந்து செம்பட்டைத் தலைக்காரன் ஒருவனும் பாய்ந்தான். இரண்டு மண்டையும் மோதின. பழம் அசையவே இல்லை. சுற்றி நின்ற அமெரிக்கர்கள் இரண்டு பைத்தியங்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே என்னை உற்றுப் பார்த்துவிட்டு, நம் ஊர்த் தமிழில் கேட்டான்: "ஏலே, நீ பாய் கடைக் காதருதான?"

டேனி. வத்தலக்குண்டுப் பக்கம் ஆஸ்பத்திரி வைத்திருந்தாரே அமெரிக்க மிஷன் டாக்டர் துரை, அவருடைய மகன். மலையிலேயே பிறந்து, மலைமேல் துரைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் படித்து, சனிக்கிழமையானால் எங்கள் கடையில் வந்து குந்திக்கொண்டு அரிசி மூட்டையில் ஓட்டை போட்டவன். எங்கள் அத்தா, அதாவது என் அப்பா, அந்த வீட்டுக்காக நிலக்கடலையை வறுத்துக் கல்லில் அரைத்துக் கொடுப்பார். அவர்கள் அதற்குப் பீனட் பட்டர் என்று பெயர் சொல்வார்கள். அத்தா கடைசிவரை அதை 'வெள்ளக்காரத் தொவையல்' என்றுதான் சொன்னார். டாக்டர் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு இறந்தபோது பஜாரே கடையை அடைத்துவிட்டு மேட்டுக் கல்லறைக்குப் போனது. அதோடு அவன் அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டார்.

இங்கே எங்களுக்கு அமைந்த படிப்பு பெரிய கூத்து. அதற்குப் பெயர் அமெரிக்கப் பண்பாடு. வரலாறு படிக்கிறாயா, இலக்கியம் படிக்கிறாயா என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. ஒரே வகுப்பில் சரித்திர வாத்தியார் அடிமை வியாபாரம் பேசுவார், அடுத்து பாட்டு வாத்தியார் வந்து கறுப்பர்களின் வயற்காட்டுப் பாட்டை ரெக்கார்டில் போடுவார், அதன்பின் பேராசிரியை அம்மா ஒருவர் நாவலைப் பிரிப்பார். மூன்றையும் சேர்த்துக் குழைத்து நாங்கள் கட்டுரை எழுத வேண்டும். பேராசிரியை அம்மா முதல் நாளே ஒன்று சொன்னார்: ஒருவன் தன் வீட்டில் எதையெல்லாம் கவனிக்காமல் விடுகிறானோ அதுதான் அவன் பண்பாடு. எனக்கு அது அப்போது புரியவில்லை. சுடுதண்ணீர்க் குழாயையும், நாய்க்கென்று தனியாக டப்பாவில் விற்கும் சாப்பாட்டையும் நான் வாயைப் பிளந்துகொண்டு கவனித்துக்கொண்டிருந்த நேரம் அது.

மூன்றாம் ஆண்டில் ஒரு விதி. ஒவ்வொரு மாணவனும் ஏதாவது ஓர் அமெரிக்க ஊரில் அரை ஆண்டு தங்கி அந்த ஊரைப் பற்றி எழுத வேண்டும். போகவரக் கல்லூரியே சீட்டு எடுத்துக் கொடுக்கும். டேனி அந்த விதியை அச்சடித்த தாளில் விரலை வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தான்.

"அமெரிக்க ஊருன்னு போட்டுருக்கு. அமெரிக்காவுக்குள்ள இருக்கணும்னு எங்கலே போட்டுருக்கு?"

"வேற எங்க இருக்கும்?"

"கொடைக்கானல்ல இருக்குல்ல. ஒங்க அத்தா அரைக்கிற தொவையல் இருக்கு. எங்க ஸ்கூல் கிரவுண்டுல பேஸ்பால் இருக்கு. ஜூலை மாசம் ஏரிக்கரைல கொடி கட்டிப் பிக்னிக் போடுவோம்ல. வேற என்ன வேணும்?"

விளையாட்டு என்று நினைத்தேன். அவன் நிஜமாகவே விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டான். அதில் 'மேலே போக விரும்புகிறேன்' என்று வேறு எழுதியிருக்கிறான். சரித்திர வாத்தியார் அவனை வராந்தாவில் நிறுத்தி, மேலே என்றால் கனடாவா என்று கேட்டாராம். இவர்களுக்கு மேலே என்றால் வடக்கு. நமக்கு மேலே என்றால் பஸ் உறுமிக்கொண்டு வளைவு வளைவாக ஏறி, காது அடைத்து, தைலமர வாசனை வரும்போது சால்வையை இழுத்துப் போர்த்துவது. அதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், கனடா இல்லை சார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தானாம்.

ஆசிரியர்கள் மூவரும் கூடி முடிவு செய்வதாக ஏற்பாடு. அந்த ஊர்க்காரன் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கொடைக்கானல் அமெரிக்க ஊர்தானா என்று என்னைக் கேட்பார்கள். நான் ஆமாம் என்றால் அவன் போவான். இல்லை என்றால் இல்லை.

அன்று மத்தியானச் சாப்பாட்டில் எங்களுக்குள் தகராறு.

"நீ ஆமான்னு ஒரு வார்த்த சொல்லு, போதும்" என்றான்.

"எங்க ஊரத் தூக்கி அமெரிக்காவுக்கு எழுதிக் குடுக்கச் சொல்லுறியா?"

"எனக்கும் அதான ஊரு."

"நீ தொரை வீட்டுப் பிள்ள. ஏப்ரல்ல குளுகுளுன்னு இருக்க வருவீக. ஒனக்கு அது மல. எனக்குத்தான் ஊரு. போறதுன்னா நான்ல போகணும். சொந்த ஊருன்னு எனக்குச் சீட்டு எடுக்க மாட்டாக, நீ போறியாக்கும்."

அவன் முள்கரண்டியை வைத்தான். "எங்கப்பா அங்கதான கெடக்காரு."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. உப்பைக் கேட்பதுபோலச் சொன்னான். நான் கேட்டேன், "இத ஏன் அதுல எழுதல?"

"அப்பா செத்தத வச்சுச் சீட்டு வாங்கவா?"

தட்டைத் தள்ளி வைத்தேன். ஆனாலும் மனசு இளகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஊர் ஞாபகம் மனிதனைக் கஞ்சனாக்கிவிடும். இங்கே எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்: வெள்ளனே கடைப்பலகையை ஒவ்வொன்றாக எடுக்கும்போது உள்ளே புகுந்துகொள்ளும் மேகம், ஆடலூரிலிருந்து காப்பிக்கொட்டை கொண்டுவருகிறவரின் ஈரக்கம்பளி நாற்றம், 'வெரசாப் போட்டு அனுப்புங்க பாய்' என்று நிற்கிற கூட்டம். அதில் பாதியை இவனுக்கு வெட்டிக்கொடுக்க எனக்கு மனமில்லை. இல்லை என்று சொல்வதாகத்தான் ஆசிரியர்கள் கூடியிருந்த அறைக்குள் போனேன்.

பேராசிரியை அம்மா கேட்டார். "நீ அங்கே பிறந்தவன். அது அமெரிக்க ஊரா?"

"இல்லை. எங்கள் ஊர்" என்றேன்.

பாட்டு வாத்தியார் சிரித்தார். சரித்திர வாத்தியார் பேனா மூடியைத் திருகினார், காரியம் முடிந்தது என்பதுபோல. டேனி என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, ஒரு மேடுகூட இல்லாத அந்தப் புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். விருந்தாளி பார்ப்பதுபோலப் பார்த்தான். அங்கே புல் வெட்டும் யந்திரத்தை, அதன்மேல் உட்கார்ந்திருந்த ஆளை, ஒவ்வொன்றாக. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வருஷமாக இவனும் என்னைப் போலவே வாயைப் பிளந்துகொண்டுதான் திரிந்திருக்கிறான்.

"இன்னும் ஒன்று சொல்ல வேண்டும்" என்றேன். "தன் வீட்டில் கவனிக்காமல் விடுவதுதான் பண்பாடு என்று நீங்கள் சொன்னீர்கள். இவன் இங்கே எல்லாவற்றையும் கவனிக்கிறான். எங்கள் பஜாரில் எதையும் கவனிக்க மாட்டான். மூட்டைமேல் உட்கார்ந்து கடலை தின்பான், அவ்வளவுதான். உங்கள் கணக்குப்படி, இந்த ஓர் அமெரிக்கனுக்கு அதுதான் ஊர். அந்த ஊருக்கு அதனால் என்ன பெயர் வரும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்."

பேராசிரியை அம்மா மற்ற இருவரையும் பார்த்தார். "நான் சொன்னதை இந்த வகுப்பில் ஒருவனாவது கேட்டிருக்கிறான்" என்றார்.

வெளியே வந்ததும் டேனி என் தோளில் ஒரு குத்து விட்டான். "மொதல்ல இல்லைன்னியே, பாவி. உசுரே போயிருச்சு."

"போய்ச் சேரு. வெள்ளகவி ஒத்தையடிப் பாதை வழியா நடந்தே ஏறப்போறியா, பஸ்ஸா?"

"நடந்துதான். ஆமா, நீ எந்த ஊரப் பத்தி எழுதப் போற?"

எனக்கு எந்த ஊரும் இல்லை. அவனே சொன்னான், பெரியப்பா பண்ணைக்குப் போ என்று. அவன் அப்பாவின் அண்ணன். ஒவ்வொரு கோடையிலும் வா வா என்று கூப்பிட்டு, இவன் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டிருந்த இடம்.

டேனி கப்பலேறினான். நான் பஸ் ஏறினேன். பெரியப்பா என்றுதான் நானும் மனசுக்குள் கூப்பிடுகிறேன், வாயில் சார். அதிகம் பேசாத மனிதர். சோளம், பன்றி, ஞாயிற்றுக்கிழமை சர்ச். நான் பன்றி தின்ன மாட்டேன் என்று தெரிந்ததும் பெரியம்மா ஒன்றும் கேட்காமல் கோழிக்கு மாறிவிட்டார். எனக்குக் கொடுத்த அறை டேனிக்காகப் போட்டது. அவன் அளவுக்குச் செய்த கட்டில், அவனுக்காக வாங்கிய பேஸ்பால் கையுறை, தோல் இன்னும் மடங்கக்கூட இல்லை. கடைத்தெருவில் பெரியம்மா என்னைக் காட்டி, "எங்கள் இந்தியாப் பையன்" என்றார். டேனியைப் பற்றிப் பேசும்போதும் அப்படித்தான் சொல்வாராம். கடைக்காரர் என்னைப் பார்த்து, "நீதான் டேனியா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, இல்லை, இவன் டேனியின் ஊர் என்றார்.

நேற்று சாயங்காலம் களஞ்சியத்துக்குப் பக்கத்தில் துண்டை விரித்தேன். நான் அப்படியொன்றும் தவறாமல் தொழுகிற ஆள் இல்லை. பஜாரில் கேட்டால் சொல்வார்கள். வந்த இடத்தில்தான் இந்தப் பழக்கம். பெரியப்பா பால் வாளியோடு வந்தவர் நின்றார்.

"டேனி சின்னப் பையனாக இங்கே வந்தபோது சொல்லியிருக்கிறான்" என்றார். "கடைக்காரர் சூரியன் விழுகிற பக்கம் பார்த்துத் தொழுவார் என்று. நீ ஏன் திரும்பி நிற்கிறாய்?"

எங்கள் ஊரிலிருந்து மக்கா மேற்கே, இங்கிருந்து கிழக்கே என்று சொன்னேன். அவர் வாளியைக் கீழே வைத்து, விரலால் காற்றில் ஏதோ கோடு இழுத்துப் பார்த்தார்.

"அப்படியானால் நீயும் உன் அப்பாவும் நேருக்கு நேர் நிற்கிறீர்கள்."

எனக்கு இது இதுவரை தோன்றியதே இல்லை. அவர் தரையைப் பார்த்தபடி கேட்டார், "அவன் அங்கே சந்தோஷமாக இருப்பானா? இது அவன் வீடு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்."

இருப்பான் என்றேன்.

கிழக்கே சோளக்காடு முடிவில்லாமல் கிடந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பெரியப்பா போகவில்லை, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றார், நான் முடிக்கும்வரை. அங்கே அத்தா கடைக்குள் பாயை விரித்து என்னைப் பார்த்து நிற்கும்போது, அவருக்குப் பின்னால் இதே மாதிரி டேனி நின்றுகொண்டிருப்பான்.