மடத்து வாங்கில் கொட்டிய சிவப்பு மை

பேத்தியைச் சேர்க்கப் பள்ளிக்கூடம் போனேன். ஐந்து டீச்சர்மாரும் பெண்கள். ஒருத்தியின் விரலில் சிவப்பு மை ஒட்டியிருந்தது.

சண்டைக் காலத்தில் எங்கள் ஊர் வாத்திமார் எல்லோரும் ஓடிப்போனார்கள். வாவிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு டீச்சர் மட்டும் தினமும் தோணியில் வருவார். பள்ளியில் ஆமி முகாம் இருந்ததால் கண்ணகி அம்மன் கோயில் மடத்தில்தான் படிப்பு.

ஒருநாள் டீச்சரின் மைப்போத்தலைத் தட்டி, அவர் உட்காரும் வாங்குப் பலகையில் கொட்டிவிட்டேன். பிரம்புக்குப் பயந்து சொல்லவில்லை. அவர் அதில் உட்கார்ந்து எழும்பியபோது சீலையின் பின்பக்கம் சிவப்பு. கோயிலுக்குப் பூக் கொண்டுவந்த என் அம்மா கண்டுவிட்டாள்.

"தீட்டோடயா அம்மன்ட மடத்துக்க வந்திரிக்காய்? ஆம்புள வாத்தியெண்டா இந்தக் கேடு வருமா?"

"இது மை அக்கா. தொட்டுப் பாருங்க."

"தொட்டா நானும் முழுகணும். நீ மடத்தக் கழுவு புள்ள."

ஊர்ப் பெண்கள் சுற்றி நின்று சிரிக்க, டீச்சர் மடம் முழுவதையும் மஞ்சள் தண்ணீரால் கழுவினார். "ஆராவது மை கொட்டினதக் கண்டீங்களா, புள்ளையள்?" என்று எங்களைக் கேட்டார். நான் சிலேட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

அதன் பிறகு அவர் வரவில்லை. வேறு ஒருவரும் வரவில்லை. என் படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது.

பேத்தியின் படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன்.