பை நீங்கலாக

எடை ஆய்வாளருக்குக் கடைத்தெருவில் 'கிராம்' என்று பெயர். அவர் தலை தெரிந்தாலே தராசுகளுக்கு ஒழுக்கம் வந்துவிடும். முப்பது வருட உத்தியோகத்தில் அவர் பிடித்த கேஸ்களில் பாதி ஒரே ரகம்: கோணியையும் அட்டையையும் சேர்த்து நிறுத்து, அதற்கும் சரக்கு விலை வாங்குகிறவர்கள். "பையைக் கழி" என்று மனிதர் தூக்கத்தில்கூடச் சொல்கிறார் என்பதற்கு அவர் மனைவியே சாட்சி.

அப்பேர்ப்பட்டவர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது சம்பந்தியிடம். மகளைக் கொடுத்த வீடு மலை உச்சி ஊரில் இருக்கிறது. ஒருநாள் கூடாரம், அடுப்பு சகிதம் சைக்கிளிலேயே வந்து இறங்குகிறேன் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார்.

"வாங்க வாங்க. நீங்க தள்ளிக்கிட்டு வர்ற அழகை நானும் பார்க்கணும்" என்றார் சம்பந்தி.

கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அங்கேயே பந்தயம் முடிவாயிற்று: இறங்கலாம், தண்ணீர் குடிக்கலாம், உட்காரலாம், தள்ளக் கூடாது. தள்ளினால், ஆயுசு முழுக்கக் குடும்பத்தில் எந்த விசேஷம் வந்தாலும் இவர்தான் கேலிப்பொருள்.

சைக்கிள் கடைக்காரர் விஷயம் தெரிந்தவர். பின்னால் பெரிய பல்சக்கரம் மாட்டினார். முன்னால், பெடலோடு சுற்றும் மூன்று செயின்வீல்களில் உள்ளே ஒடுங்கிக் கிடந்த சின்னதைத் தொட்டுக் காட்டினார். "சுமையோட மலை ஏறணும்னா இந்தக் குட்டிதான் சார் காப்பாத்தும்."

ஆய்வாளர் குனிந்து பார்த்தார். இருபத்திரண்டு பல். இதில் போனால் நடந்து போகிறவன் முந்துவான். சம்பந்தி பார்க்கிறபோது மானம் போய்விடும். நடுவில் இருக்கிற முப்பத்திரண்டே தாராளம், குட்டியைக் கழற்று என்றார். கடைக்காரர் கெஞ்சிக் கூத்தாடி அதை இருந்த இடத்திலேயே விட்டு, செயின் அந்தப் பக்கம் இறங்காதபடி ஒரு ஸ்க்ரூவை மட்டும் இறுக்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த ஆய்வாளர் அந்த ஸ்க்ரூவின் தலையில் அரக்கை உருக்கி முத்திரை வைத்தார். பழக்க தோஷம், வேறென்ன?

பிறகு கூடாரம் முதல் பல்துலக்கி வரை ஒவ்வொன்றாக நிறுத்தார். பதினெட்டு கிலோ. அதே பதினெட்டு கிலோவுக்கு மணல் பொட்டலங்களைக் கேரியரில் கட்டி, தண்ணீர்த் தொட்டி மேட்டில் பத்துத் தடவை ஏறினார். நடுச்சக்கரம் ஜம்மென்று இழுத்தது. மனைவி மட்டும், எதற்கு வம்பு என்று, முதல் நாளே பஸ்ஸில் போய்விட்டாள்.

மலையில் ஆறாவது வளைவிலேயே முழங்கால் கெஞ்ச ஆரம்பித்தது. பத்தாவது வளைவில் பெடல் அசைய மாட்டேன் என்றது. அங்கே காய்கறி மூட்டைகள் அடுக்கிய ஒரு கடை, வாசலில் தராசு. அதைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்தது. பைகளைக் கழற்றி அப்படியே தூக்கி வைத்தார். இருபத்தேழு கிலோ.

தராசில் கோளாறு என்று கடைக்காரர்மேல் பாய்ந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டு வந்திருந்த ஒரு கிலோ எடைக்கல்லை எடுத்து வைத்துப் பார்த்தார். முள் ஒரு கிலோவில் நின்றது, இம்மி பிசகவில்லை.

கடைக்காரர் பயந்துபோய், "பையோட வச்சா அப்படித்தான் சார் காட்டும்" என்றார்.

ஆய்வாளர் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அவர் சரக்கை மட்டும்தான் நிறுத்திருந்தார். நாலு தடிப் பைகள், தகர டப்பாக்கள், தண்ணீர் பாட்டில், அதிலிருந்த தண்ணீர் எல்லாவற்றையும் சரக்கில்லை என்று கழித்துவிட்டிருந்தார். முப்பது வருடமாக ஊரைத் திருத்திய கை!

தள்ளலாமா என்று ஒரு கணம் நினைத்தார். மகள் சிரித்த முகம் ஞாபகம் வந்தது. குனிந்து, தான் வைத்த முத்திரையைத் தானே நகத்தால் சுரண்டினார். இந்தக் குற்றத்துக்கு எத்தனை பேருக்கு அபராதம் போட்டிருப்பார்! ஸ்க்ரூ தளர்ந்தது, செயின் குட்டியில் இறங்கியது, பெடல் சுற்றியது.

ஊர் எல்லையில் சம்பந்தி குடையோடு காத்திருந்தார். பயந்தபடியே ஆயிற்று. சம்பந்தி கூடவே நடந்து வந்தார்; நடுவில் நின்று செருப்பு வாரை மாட்டினார், தெரிந்தவரிடம் நலம் விசாரித்தார், அப்படியும் முன்னால் போய்விட்டார். ஆனால் வீட்டு வாசலில் அவரே எல்லாரையும் கூப்பிட்டு, "தள்ளலை. நான் கூடவே வந்தேன்" என்று சொல்லிவிட்டார். மகள் ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெயித்தாயிற்று. அதோடு வாயை மூடிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்திருக்கலாம். ஆனால் குறைத்து நிறுத்த ஒருவனை அந்த மனிதர் எந்தக் காலத்தில் சும்மா விட்டிருக்கிறார்?

"சம்பந்தி, ஒன்பது கிலோவை நான் கணக்குல விட்டுட்டேன். பையைக் கழிச்சுட்டேன்" என்றார்.

சம்பந்திக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "அப்ப இது பைதான், சரக்கில்லைன்னு மலைகிட்டயும் சொல்லிப் பார்த்தீங்களா?"

வீடே அதிர்ந்தது. அன்றிலிருந்து குடும்பத்தில் எந்த விசேஷம் வந்தாலும் இதே பேச்சுதான். எடுத்துக் கொடுப்பது ஆய்வாளரேதான்.