பனியா, அழுக்கா? வடக்குப்பட்டு ஏரிக்கு ஒரு காலைப் பயணம்

என் மாமனார் எப்போதோ ஏலத்தில் எடுத்த எண்ணெய் ஓவியம் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. ஒரு ஏரி, கரையில் இரண்டு பனைமரம், மிச்சமெல்லாம் சாம்பலும் பழுப்பும்தான். மொத்தக் காட்சியையும் ஒரே நிறச் சாயலில் மங்கலாக வரையும் இந்தப் பாணிக்கு டோனலிசம் என்று பெயர். பின்பக்கம் ‘ஆசீர்வாதம், வடக்குப்பட்டு’ என்று எழுதியிருக்கும். சட்டம் கறையான் அரித்துப் போனதால் பழுதுபார்க்கக் கொடுத்தோம். பழைய ஓவியங்களைச் சரிசெய்யும் கடைக்காரர், “மேலே இருக்கிறதெல்லாம் வெறும் அழுக்கு, புகை. துடைச்சா நீல வானம் வரும். திங்கட்கிழமை ஆரம்பிக்கிறேன்” என்றார். என் கணவரும் தலையாட்டினார். எனக்கென்னவோ அது பனி என்றுதான் பட்டது. துடைத்த பிறகு தப்பென்று தெரிந்தால் திரும்ப ஒட்டவா முடியும்? ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, படத்தை போனில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தாம்பரத்தில் 5.15க்கு பஸ். படப்பை வழியாக ஒரகடம் 25 கிலோமீட்டர், டிக்கெட் 30 ரூபாய். பிங்க் பஸ் வந்தால் பெண்களுக்கு இலவசம், அது வந்தால்தானே! தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடத்தில் ஆட்டோ ஓட்டும் குமாரிடம் போய்வர 400 ரூபாய் பேசினேன்.

“இன்னா மேடம், எந்தக் கம்பெனி?”

“ஏரிக்குப்பா.”

“ஏரியில இன்னா கீது?”

ஏரியில் பனி இருந்தது. படத்தில் இருப்பதைப் போலவே, எதிர்க்கரை தெரியாத பனி. ஆனால் ரோட்டில் லாரிப் புகையும் இருந்தது. இதை வைத்து யாரிடமும் வாதாட முடியாது. குமாரிடம் போனைக் காட்டினேன். “இதே மாரி ஸ்டெல்லாக்கா வூட்ல மாட்டிகீது மேடம். ஆனா அது பளபளன்னு இருக்கும்” என்றார். அப்படியென்றால் கடைக்காரர் சொன்னதுதான் சரியா?

குமார் கூட்டிப்போனபோது ஸ்டெல்லா அப்போதுதான் நைட் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். யூனிபார்மைக்கூட மாற்றாமல் டீ போட்டுக் கொடுத்தார். ஆசீர்வாதம் அவர் கணவரின் கொள்ளுத்தாத்தா, மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். அதே ஏரியை இரண்டு தடவை வரைந்து, ஒன்றை விற்றிருக்கிறார். வீட்டில் இருந்ததில் வானம் பளிச்சென்று நீலம். பனைமரம் இரண்டும் வெட்டி ஒட்டியது போல நின்றன. உண்மையைச் சொன்னால், படம் நன்றாகவே இல்லை. போனில் என் படத்தைக் காட்டி, துடைக்கக் கொடுத்திருப்பதைச் சொன்னேன்.

“கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிக்கசொல்ல எல்லாப் படத்தையும் இறக்கி சோப்புத் தண்ணில தொடைப்போம். எங்க மாமியார் காலத்துலேர்ந்து அப்டித்தான். உங்களுது ஒரே அழுக்கா கீதே, நல்லா தேச்சி வுடுங்க” என்றார் ஸ்டெல்லா.

சட்டத்தைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவரே ஸ்க்ரூடிரைவர் எடுத்து வந்தார். சட்டம் மூடியிருந்த இடத்தில், நாலு ஓரமும், ஒரு விரல் அகலத்துக்கு சாம்பலும் பழுப்பும். அச்சு அசலாக என் படத்தின் நிறம். சட்டத்துக்கு அடியில் புகையும் போகாது, துணியும் போகாது. அது ஆசீர்வாதம் கடைசியாக மெல்லிசாகப் பூசிய வண்ணம். நான் நினைத்தது சரி என்ற சந்தோஷம் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

ஸ்டெல்லா அந்த ஓரத்தை விரலால் தடவினார். “அப்ப இத்தினி வருசமா அவர் போட்ட பனிய நாங்கதான் தொடச்சினு இருந்தோமா?”

“தெரிஞ்சா செஞ்சீங்க?” என்றேன்.

“உங்களுத எப்ப தொடைக்கிறாங்க?”

“திங்கக்கிழமை.”

“மொதல்ல போன் போடுங்க.”

அங்கேயே நின்று போட்டேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்த கடைக்காரர், “சரிங்க, தொடல” என்றார்.

போகிறவர்களுக்கு: ஜனவரியில் ஏழு மணிக்குள் ஏரிக்கரையில் இருங்கள், அப்புறம் வெயில்தான். ஆட்டோ வாடகையை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். வீட்டில் பழைய எண்ணெய் ஓவியம் இருந்தால் ஈரத்துணியோடு கிட்டே போகாதீர்கள். ஸ்டெல்லா வீட்டுக்குப் போகலாம், வரச்சொல்லியிருக்கிறார். ஷிப்ட் முடிந்து தூங்கும் நேரமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டத்தை அவர் திரும்ப மாட்டவில்லை. வெறும் படத்தைத்தான் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார். நீல வானத்தை விட்டுவிட்டு அந்த ஓரத்தைப் பாருங்கள்.