திகதி கேட்கும் கமரா

மகள் கைத்தொலைபேசியை என் மூக்கடியில் நீட்டி, "அம்மா, இதில எத வாங்கலாம்?" என்று கேட்டபோது எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. திரையில் அருகருகே இரண்டு பழைய டிஜிட்டல் கமராக்கள். இப்போது பிள்ளைகளுக்கு இவற்றின் மேல் ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது. கையிலுள்ள தொலைபேசியே அச்சொட்டாகப் படம் பிடிக்கும். ஆனாலும் கொஞ்சம் மங்கலாக, முகத்தில் வெளிச்சம் அடித்து, மூலையில் செம்மஞ்சள் எண்களில் திகதி விழுந்த படம்தான் அவர்களுக்கு வேண்டுமாம். அதற்காக யாரோ பாவித்துக் கழித்த கமராக்களைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். திரையில் இருந்தவற்றில் ஒன்று கறுப்பு, முன்னால் நீளும் வில்லையுடன். மற்றது சின்னது, வெள்ளி நிறம், சவர்க்காரப் பெட்டி அளவு. அந்தச் சின்னதை எனக்கு நன்றாகத் தெரியும். அதே வகைக் கமரா ஒன்று எங்கள் அலுமாரியில், மாமாவின் மப்ளரில் சுற்றியபடி கிடக்கிறது. அதை வாங்க அவர் பட்ட பாட்டையும், வாங்கியதால் அக்கா பட்ட பாட்டையும் நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எதையாவது தூக்கி எறிய வேண்டும் போல இருக்கும்.

மாமா என் அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்தில் கண்டிக்கு மாற்றலாகி வந்தவர். அப்பா இறந்த பிறகு எங்களுக்கு எல்லாமே அவர்தான். கலியாணம் செய்யவில்லை. இளவயதில் அவரிடம் ஒரு நல்ல பிலிம் கமரா இருந்ததாம், அதைக் கழுத்திலிருந்து கழற்றவே மாட்டாராம். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டை எரித்தபோது அதுவும் ஆல்பங்களும் சேர்ந்து எரிந்துபோயின. பிறகு பல வருடம் கழித்து, நண்பர் ஒருவரின் கமராவை இரவல் வாங்கிப் பேராதனைப் பக்கம் ஆற்றைப் படம் எடுத்திருக்கிறார். படத்தில் பாலமும் விழுகிறதே என்று பிடித்துக்கொண்டு போய் ஒரு பகல் முழுக்க பொலிஸில் இருத்தி வைத்துவிட்டார்கள். அதோடு அவர் கமரா என்ற சொல்லையே விட்டுவிட்டார். எதைச் செய்தாலும், இதைக் கண்டால் என்ன கேட்பார்கள் என்று முதலில் யோசிப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. கடையில் குடை வாங்கும்போதுகூட மடித்தால் அது துவக்கு மாதிரித் தெரிகிறதா என்று பார்த்தவர் அவர்.

யுத்தத்தின் கடைசி வருடங்களில் அக்காவுக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை ஒருவர் சரிவந்தார். நல்ல மனிதர், நிதானமாகப் பேசுவார். அவருக்கு இரண்டு கிழமைதான் லீவு. வருவது, கலியாணப் பதிவு எழுதுவது, தாலி கட்டுவது, திரும்பிப் போவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். பின்னாலேயே அக்காவை அழைக்க விசாவுக்குக் கொடுக்க வேண்டும். அதற்குக் கலியாணப் படங்கள் கட்டாயம். வெறும் பதிவுத் துண்டைக் காட்டிப் பொய்க் கலியாணம் செய்கிறவர்கள் கூடிவிட்டதால் படத்தைத்தான் துருவிப் பார்ப்பார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். ஸ்டூடியோக்காரர் படம் தர ஒரு மாதம் ஆகும் என்றார். ஆகவே பாவித்த டிஜிட்டல் கமரா ஒன்றை வாங்கி நாமே எடுப்பது என்று முடிவானது. அந்தப் பொறுப்பை மாமாவிடம் கொடுத்ததுதான் நாங்கள் செய்த முதல் பிழை.

கெலிஓயாவில் ஒரு முஸ்லிம் நானாவின் கடை இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய கமராக்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக வைத்திருப்பார். மாமா அங்கே போய் இரண்டைத் தெரிவு செய்தார். அதற்குப் பிறகு அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். கறுப்பு நிறத்தது கொஞ்சம் புதியது, படம் கண்ணாடி மாதிரி இருக்கும், வில்லை வெளியே நீண்டு வரும். அதற்கு மூக்கன் என்று பெயர் வைத்தார். வெள்ளி நிறத்தது பழையது, சின்னது என்றே அதற்குப் பெயர். ஒவ்வொரு சனிக்கிழமையும் கண்டி குட்செட் நிலையத்தில் பஸ் ஏறிக் கெலிஓயா போவார். இரண்டையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வெறுங்கையோடு திரும்பி வருவார். என்னையும் இரண்டு தடவை கூட்டிப்போனார். நான் முதல் பார்வையிலேயே மூக்கன்தான் என்று சொல்லிவிட்டேன்.

"அது இழுத்தால் இவ்வளவு நீளத்துக்கு வருது பிள்ளை. ரோட்டிலை ஆரும் கண்டால் தூரத்திலை என்னத்தைப் படம் பிடிக்கிறாய் எண்டு கேப்பாங்கள்."

"நாங்கள் கோயிலுக்குள்ள தானே மாமா எடுக்கப்போறம்."

"கோயிலுக்குப் போற வழியிலை?"

அடுத்த கிழமை வேறு காரணம். மூக்கனுக்குத் தனி பெட்டரி, அதற்குச் சார்ஜர், சார்ஜருக்கு வயர். பையைத் திறந்து வயரைக் கண்டால் என்ன நினைப்பார்கள்? சின்னதோ கடையில் கிடைக்கும் சாதாரண டோர்ச் பெட்டரியில் வேலை செய்தது. எல்லாவற்றுக்கும் மேல், படத்தின் மூலையில் திகதியைப் பதிக்கும் வசதி சின்னதில்தான் இருந்தது. "திகதி விழுந்தால்தான் அது சாட்சி. விசாக்காரன் ஒரு கேள்வி கேக்கேலாது," என்றார். படம் எப்படி விழும் என்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. உலகத்தில் எல்லோரும் படம் நன்றாக வருமா என்று பார்த்துக் கமரா வாங்குவார்கள். எங்கள் மாமா சோதனைச்சாவடியில் அது என்ன பாடுபடும் என்று பார்த்து வாங்கினார். அக்கா பொறுமையாகத்தான் இருந்தாள். கடைசியில் அவளுக்கே வெறுத்துப்போய், "மாமா, ஏதாவது ஒண்டை வாங்குங்கோ. கலியாணம் முடிஞ்ச பிறகு வாங்கி என்ன செய்யிறது?" என்று கேட்டாள். அந்தச் சனிக்கிழமை சின்னது வீட்டுக்கு வந்தது.

நானா நேர்மையான மனிதர். நானும் அன்றைக்குக் கூடப் போயிருந்தேன். பொதி கட்டும்போது சொன்னார்: "சேர், ஒன்னு செல்றேன். இதுக்கு உள்ளுக்கு ஈக்கிற சின்ன பெட்டரி செத்துட்டு. பெரிய பெட்டரியக் கழட்டினா திகதி அழிஞ்சி போகும். திரும்பப் போட்டு ஓன் பண்ணினதும் அதுவே கேக்கும், வெச்சிக் கொள்ளுங்க. மத்தப்படி ஒரு கொறையும் இல்ல." மாமா வீட்டுக்கு வந்ததும் திகதி வைத்தார். நேரம் வைத்தார். அம்மாவைக் கதிரையில் இருத்தி ஒரு படம் எடுத்தார். மூலையில் அன்றைய திகதி பளிச்சென்று விழுந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. அதன்பின் கலியாணம் வரை பெட்டரியை யாரும் தொடக்கூடாது என்று கட்டளை போட்டார்.

கலியாணம் புசல்லாவையில், மாப்பிள்ளையின் பெரியம்மா வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில். வாடகைக்கு ஒரு வான் பிடித்துப் போனோம். கம்பளைக்குக் கிட்டப் போகும்போது சோதனைச்சாவடியில் மறித்தார்கள். எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டைகளைப் பார்த்து, பைகளைத் திறந்தார்கள். அக்காவின் கூறைச் சேலையைக்கூட உதறிப் பார்த்தார்கள். மாமா கமராவைத் தானாகவே எடுத்து நீட்டினார். சின்னப் பொடியன் மாதிரி இருந்த ஒரு சிப்பாய் அதை வாங்கி, கலியாணமா என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தான். பிறகு பெட்டரிகளைக் கழற்றிக் காட்டச் சொன்னான். எல்லா இடத்திலும் அதுதான் வழக்கம்; டோர்ச், ரேடியோ எதுவானாலும் பெட்டரியைக் கழற்றி உள்ளே பார்ப்பார்கள். மாமா கழற்றினார். அவன் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். ஒரு கெட்ட வார்த்தை இல்லை. வான் நகர்ந்ததும் மாமா பெட்டரிகளைத் திரும்பப் போட்டு, "பாத்தியா, சின்னது எண்டபடியால் ஒரு கரைச்சலும் இல்லை," என்றார்.

மறித்ததில் நேரம் போய்விட்டது. நாங்கள் கோயிலுக்குள் நுழையும்போது நாதஸ்வரம் முழங்கிக்கொண்டிருந்தது, ஐயர் அவசரப்படுத்தினார். அக்காவை ஓட ஓட மணவறைக்குக் கொண்டுபோனோம். மாமா தூணடியில் நின்று கமராவை ஓன் பண்ணினார். பிறகு வளைந்து நெளிந்து, முட்டுக்காலில் நின்று, கதிரையில் ஏறி நின்று எல்லாம் எடுத்தார். ஒன்றையும் தவறவிடவில்லை. தாலி, மாலை, அம்மா அழுதது, மாப்பிள்ளை அக்காவைக் கடைக்கண்ணால் பார்த்தது, எல்லாம் இருந்தன.

மாப்பிள்ளை லீவு முடிந்து திரும்பிப் போனார். படங்களைக் கண்டியில் ஒரு கடையில் கழுவி, விண்ணப்பத்தோடு அனுப்பினோம். வீட்டில் எல்லோரும் அந்தப் படங்களைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்போம். எல்லோரும் பார்த்தது முகங்களை. மூலையிலிருந்த எண்களைப் பார்த்தது விசாக்காரர் மட்டும்தான். அந்த எண்களின்படி கலியாணம் நடந்தது ஆறு வருடத்துக்கு முன்னால், ஒரு தை மாத முதலாம் திகதி. கமரா செய்யப்பட்ட வருடம் அது. அப்போது அக்கா சீருடையும் இரட்டைப் பின்னலுமாகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். பதிவுத் துண்டில் ஒரு திகதி, படத்தில் வேறு திகதி, ஆகவே இந்தக் கலியாணத்தை நம்ப முடியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்கு நான் மாமாவைப் பிடித்துக் கத்தினேன். நானா அவ்வளவு சொல்லியும் ஏன் திகதி வைக்கவில்லை, அது உங்களிடம் கேட்கவில்லையா என்று கேட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கேட்டது பிள்ளை. ஐயர் தாலியைத் தூக்கிக் குடுக்கிறார். நான் திகதி வச்சுக்கொண்டு நிக்கவே? பிறகு வைப்பம் எண்டு அமத்திப்போட்டு எடுத்தனான். பிறகு மறந்துபோனன்." எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. சிப்பாய் தன் வேலையைச் செய்தான். விசாக்காரரும் தன் வேலையைத்தான் செய்தார். மூக்கனை வாங்கியிருந்தால் மூலையில் ஒன்றுமே விழுந்திருக்காது!

மாமா அத்தோடு விடவில்லை. கொழும்புக்குப் போய், அந்த அதிகாரிக்கு முன்னால் பெட்டரியைக் கழற்றிப் போட்டுக் காட்டினால் நம்புவார்கள் என்று கிளம்பினார். தமிழர்களைப் பொலிஸார் லொட்ஜுகளுக்கு வந்து அள்ளிக்கொண்டு போன காலம். அம்மா அழுதாள். வழியில் மறித்த ஒவ்வொரு இடத்திலும் கமரா என்ன, யாரைப் படம் பிடிக்க என்று கேட்டிருக்கிறார்கள். எந்தக் கேள்வி வரக்கூடாது என்று அத்தனை சனிக்கிழமை அலைந்தாரோ, அதே கேள்விக்கு வழி நெடுகப் பதில் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். தூதரகப் படலையடியில் காவலாளி கமராவை வாங்கி வைத்துக்கொண்டார். உள்ளே கமரா கொண்டுபோகத் தடையாம். வெறுங்கையோடு உள்ளே போனவரிடம், சொல்வதை எழுதித் தாருங்கள், புதிதாக விண்ணப்பியுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் அப்படியே இருந்தார்.

அக்காவுக்கு விசா கிடைக்க இரண்டு வருடத்துக்கு மேலாயிற்று. அதற்குள் யுத்தமும் முடிந்துவிட்டது. அந்த இரண்டு வருடமும் அவள் தொலைபேசியில்தான் குடும்பம் நடத்தினாள். "போனிலை பழகின மனிசன் வேறை, எயார்போட்டிலை வந்து நிண்ட மனிசன் வேறை," என்று பிறகொரு தடவை என்னிடம் சொன்னாள். நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனாலும் தொடக்கத்தில் இருக்க வேண்டிய ஏதோ ஒன்று இல்லாமலே போய்விட்டது என்பாள். மாமாவை அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. வெளிக்கிடும் நாளன்று வான் வாசலில் நிற்க, கமராவை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். "எடுங்கோ மாமா."

"வேண்டாம் பிள்ளை. நான் எடுத்தால் உனக்குச் சரிவராது."

எவ்வளவு கெஞ்சியும் எடுக்கவில்லை. நான் எடுக்கிறேன் என்றேன், அதற்கும் விடவில்லை. கமராவைத் தன் மப்ளரில் சுற்றி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். அக்கா போன நாளின் படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை. அவள் திரும்பி வரும் முன்பே மாமா போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதெல்லாம் மகளுக்கு என்ன தெரியும்? காசைக் கொட்டி வாங்காதே, வீட்டிலேயே ஒன்று இருக்கிறது என்று அலுமாரியைத் திறந்து மப்ளரை அவிழ்த்துக் கொடுத்தேன். துள்ளிக் குதித்தாள். சுவர் மணிக்கூட்டிலிருந்து பெட்டரியைப் பிடுங்கி, ரிமோட்டில் இருந்ததையும் பிடுங்கிப் போட்டாள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது கிர்ரென்று உயிர் பெற்றது. திரையில் முதலில் வந்தது அந்தக் கேள்விதான். திகதி என்ன? அவள் விரல் அதை அமத்திவிடப் போனது. நான் கமராவைப் பறித்தேன்.

"வெக்காதீங்கம்மா! பிழையான திகதி விழுந்தாத்தான் வடிவு. எல்லாரும் அதுக்குத்தானே வாங்குறாங்க."

வருடத்தை வைத்தேன். மாதத்தை வைத்தேன். நாளை வைத்தேன். கலண்டரை ஒருதரம் எட்டிப் பார்த்துச் சரிபார்த்தேன். பிறகு அவளை வாசலில், அக்கா வெளிக்கிட்ட அன்றைக்கு நின்ற இடத்தில் நிற்கச் சொல்லி எடுத்தேன். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நிற்கிறாள். மூலையில் இன்றைய திகதி இருக்கிறது.